37, 47, 57, 70 மி.மீ.: சின்ன கேபினெட்டுக்கு எந்த உயரத்தில் சிபியு கூலர்?

ஃப்ராக்டல் டெர்ரா என்ற சின்ன பிசி கேபினெட்டின் விவரத்தாளில் இரண்டு அளவுகள் இருக்கும். சிபியு கூலரின் உயரம் 48 முதல் 77 மி.மீ. வரை. கிராஃபிக்ஸ் கார்டின் தடிமன் 43 முதல் 72 மி.மீ. வரை. கூட்டிப் பாருங்கள்: 48-உம் 72-உம் 120, 77-உம் 43-உம் 120. உள்ளே இருக்கும் நடுத்தடுப்பு நகரக்கூடியது. பாகப்பிரிவினையில் சுவர் எழுப்புவது மாதிரிதான், ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும்.

சிபியுவை ஒரு பக்கமும் கார்டை மறுபக்கமும் முதுகோடு முதுகாக வைக்கும் சாண்ட்விச் கேபினெட்டுகள் பலவற்றிலும் இதே கணக்குதான். டெர்ராவில் தடுப்பு நகரும். டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் போன்றவற்றில் கூலருக்கு 48 மி.மீ. என்று எழுதி முடித்துவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் கூலரைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்டின் தடிமனை மில்லிமீட்டரில் பாருங்கள், "2.5 ஸ்லாட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அளக்காதீர்கள். ஒரு ஸ்லாட் (கார்டுகளின் தடிமனைச் சொல்லும் அலகு) 20.32 மி.மீ. இரண்டு ஸ்லாட் கார்டு 40-ஐத் தொடும், இரண்டரை 50-ஐ, மூன்று 61-ஐ.

இந்த இடத்துக்குப் போட்டி போடுபவை நான்கு. நாக்டுவா என்எச்-எல்9 (37 மி.மீ.), தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 (47), ஐடி-கூலிங் ஐஎஸ்-55 (57), நாக்டுவா என்எச்-எல்12எஸ் (70). என் சாய்வு எக்ஸ்47 பக்கம். நான் பொருத்தியிருப்பதும் அதுதான், ஆகவே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும் என்று எடுத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் வாட் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏஎம்டியின் ரைசன் சிபியு பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தால் சாக்கெட் (போர்டில் சிபியு உட்காரும் இடம்) வழியே போகும் உச்சம் அதுவல்ல. 7600, 7700 இரண்டுக்கும் 88 வாட். 120 வாட் என்று எழுதிய 7800எக்ஸ்3டிக்கு 162 வாட். ஆனால் அந்த 7800எக்ஸ்3டி பெரும்பாலான கேம்களில் 50 முதல் 70 வாட்டுக்குள்தான் ஓடும். ஆகவே கேமிங்குக்கு மட்டும் என்றால் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இன்னொன்று, இந்த ரைசன்களின் வடிவமைப்பான ஜென் 4-இல் கோர்கள் இருக்கும் சில்லு சுமார் 70 சதுர மி.மீ.தான். அத்தனை சூடும் அந்தச் சின்ன இடத்திலிருந்து மேலேறி வர வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் ஒரு எல்லைக்குமேல் பலன் குறைந்துகொண்டே போகும். 37-க்கும் 47-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். 57-க்கும் 70-க்கும் உள்ளது வெப்பத்தைவிடச் சத்தத்தில்தான் தெரியும்.

அறை வெப்பத்தை மறக்க வேண்டாம். விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35 டிகிரி சாதாரணம். அந்த வித்தியாசத்தை அப்படியே சிபியு வெப்பத்தின் மேல் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 78 காட்டியது இங்கே 90-ஐ ஒட்டி நிற்கும். 7800எக்ஸ்3டிக்கு வரம்பே 89 டிகிரிதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தக் கூலர்களை ஒப்பிடுகிறவர்கள் ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) எண்ணிக்கை, ஃபேன் அளவு, வாட் என்று பட்டியல் போடுவார்கள். சின்ன கேபினெட்டில் தீர்ப்பை மாற்றுவது வேறொன்று: ஃபேனின் மேல்முகத்துக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. இது எந்தக் கூலரின் பெட்டியிலும் எழுதியிருக்காது. ஏனென்றால் அது கூலரின் குணம் இல்லை. கூலரும் கேபினெட்டும் சேரும்போது பிறப்பது.

இடைவெளி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஃபேன் துளைத்தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளிக்காற்று நேராக உள்ளே வருவதால் வெப்பம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துளைகளுக்கு நடுவிலுள்ள உலோகக் கீற்றுகளைக் கடந்து கலைந்து வரும் காற்றை ஃபேனின் இறகுகள் வெட்டும்போது ஒரு ரீங்காரம் எழும். ஃபேன் சத்தம் "ஊ" என்றிருந்தால் இது "ஈ" என்றிருக்கும். ஃபேனை மாற்றினாலும் போகாது, தகட்டைக் கழற்றினால் போய்விடும்.

இடைவெளி 10, 15 மி.மீ. என்றால் ரீங்காரம் இல்லை. பதிலுக்கு வேறு தொல்லை வரும். ஃபேன் கீழ்நோக்கி ஊதுகிறது. காற்று, கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் மெல்லிய தகட்டுத்துண்டுகளைக் கடந்து மதர்போர்டில் மோதி நாலாபக்கமும் சிதறுகிறது. சின்ன கேபினெட்டில் அந்தச் சூடான காற்றுக்கு வெளியேறும் வழி குறைவு, மேலே ஃபேன் உறிஞ்சும் வாய் திறந்தே இருக்கிறது. ஆகவே அதுவே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். கூலர் தன் மூச்சைத் தானே இழுக்கிறது.

எது உங்கள் பிரச்சினை என்று கண்டுபிடிக்கப் பக்கத்தகடு போதும். ஒரே கேமை இருபது நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் வேகத்தைப் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, தகடு மூடி ஒருமுறை, கழற்றி ஒருமுறை பாருங்கள். கழற்றியதும் சத்தம் மட்டும் மாறினால் இடைவெளி போதவில்லை. வெப்பம் 5 டிகிரிக்குமேல் இறங்கி, சத்தத்தின் சுருதி மாறாமல் இருந்தால் சூடான காற்று சுற்றுகிறது.

இரண்டாவதற்கு மருந்து மலிவு. கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை ஃபேன் சட்டத்தின் நான்கு ஓரமும் ஒட்டி, தகட்டை மூடும்போது அது லேசாக அமுங்கும் உயரத்தில் வெட்டிவிடுங்கள். இப்போது ஃபேன் வெளிக்காற்றை மட்டுமே இழுக்கும். டேப்பை ஃபேன் பக்கம்தான் ஒட்ட வேண்டும்; தகட்டில் ஒட்டினால் திறந்து மூடும்போது இடம் தவறி இறகில் உரசும். முதல் பிரச்சினைக்கு இப்படி மருந்து இல்லை. இடம் இல்லையென்றால் இல்லைதான். ஆகவே தவறுவதானால் இடைவெளி அதிகமாகும் பக்கம் தவறுங்கள். 6 முதல் 12 மி.மீ. வரை விட்டு, சுற்றிலும் ஃபோம் கட்டிவிட்டால் ரீங்காரமும் இல்லை, சுழற்சியும் இல்லை.

இந்தக் கண்ணோடு நான்கையும் பார்க்கலாம்.

என்எச்-எல்9: ஹீட்சிங்க் 23 மி.மீ., ஃபேன் 14 மி.மீ., ஹீட்பைப் இரண்டு. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆறு வருட வாரண்டி. ரேமையோ விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்கையோ தொடாது. கேபினெட்டில் கூலருக்கு இடமே 40 மி.மீ.க்குள் என்றால் இதைத் தவிர அதிகம் யோசிக்க வேண்டாம். ஆனால் 65 வாட்டுக்குமேல் போனால் 92 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்கு 2500 சுற்றைத் தொட்டுக் கீச்சிடத் தொடங்கும். ஒரு ரகசியம் இருக்கிறது: பெட்டியோடு நீளமான திருகுகள் வரும், அதில் 25 மி.மீ. தடிமனான சாதாரண 92 மி.மீ. ஃபேனைப் பூட்டலாம். 23-உம் 25-உம் 48. அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளும், சத்தம் குறையும். ஆனால் 48 மி.மீ. கேபினெட்டில் அது தகட்டோடு ஒட்டி நிற்கும், மேலே சொன்ன ரீங்காரம் காத்திருக்கும். இன்னொரு சங்கடம் சாக்கெட். ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4-க்கு வாங்கிய எல்9ஏ (எல்9-இன் ஏஎம்டி மாடல்), அடுத்து வந்த ஏஎம்5-இல் உட்காராது. அதற்கெனத் தனி மாடல் வாங்க வேண்டும். ஏஎம்4 மாடலைப் போர்டின் பின்பக்கமிருந்துதான் திருக வேண்டும், ஆக சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்டை மாற்ற நினைத்தாலே போர்டு வெளியே வந்தாக வேண்டும்.

எக்ஸ்47: ஹீட்சிங்க் 32, ஃபேன் 15, ஹீட்பைப் நான்கு. எல்9-ஐவிட ஹீட்சிங்கின் உயரம் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுதல், ஆனால் பரப்பில் சாக்கெட்டைத் தாண்டி அதிகம் பரவாது. இதுதான் அதன் அழகு. ரேமின் உயரம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அலுமினியத்திலும் முழுச் செம்பிலும் கிடைக்கும். செம்பு கொஞ்சம் குளிர்ச்சி. ஆனால் எடை கூடும், பிசியைப் பையில் வைத்துத் தூக்கிப் போகிறவர்களுக்கு அது நல்லதல்ல. அலுமினியமே போதும். ஏஎம்4, ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1700 மூன்று சாக்கெட்டுக்கும் பொருந்துவதால் போர்டு மாற்றினாலும் கூலர் கூடவே வரும். கூடவரும் ஃபேன் மோசமில்லை, 2000 சுற்றுக்குமேல் கரகரக்கும். எல்9-இல் வரும் அதே 14 மி.மீ. நாக்டுவா ஃபேனை இதில் போட்டால் சத்தம் இனிமையாகும், மேலே ஒரு மில்லிமீட்டரும் மிச்சம்.

டெர்ராவில் 50 மி.மீ. தடிமனான கார்டோடு இதை வைத்துப் பாருங்கள். 120-இல் 47-உம் 50-உம் போக 23 மிஞ்சும். நடுத்தடுப்பைச் சரியான படியில் வைத்தால் கூலருக்கு மேலே 11, கார்டுக்கு மேலே 12 என்று இரு பக்கமும் மூச்சு விடலாம். கார்டின் ஃபேன்களுக்கும் அதே ரீங்காரச் சட்டம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐஎஸ்-55: 120 மி.மீ. ஃபேன், ஐந்து ஹீட்பைப், காசுக்கு அதிகம் தருகிற கூலர். அதே 88 வாட்டை எக்ஸ்47-ஐவிடத் தாழ்ந்த சுருதியில் சமாளிக்கும். சிக்கல் பரப்பு. ஐடிஎக்ஸ் எனும் சின்ன அளவு மதர்போர்டில் ரேமின் மேல் கூரை போட்டுவிடும். ஒளிரும் ரேம் என்றால் மறந்துவிடுங்கள், 33 மி.மீ. அளவிலான குட்டை ரேமையும் விவரத்தாளோடு ஒப்பிட்டபின் வாங்குங்கள். 61 மி.மீ. கார்டோடு டெர்ராவில் வைத்தால் கணக்குப்படி நுழையும்: 57-உம் 61-உம் 118. மிஞ்சும் இரண்டு மில்லிமீட்டரை இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டும். நுழைவது வேறு, ஓடுவது வேறு. 40 மி.மீ. கார்டு வைத்திருப்பவருக்கு இது எக்ஸ்47-க்குச் சரியான போட்டி. அங்கே நான் வற்புறுத்த மாட்டேன்.

என்எச்-எல்12எஸ்: 70 மி.மீ. இதில் 15 மி.மீ. ஃபேன் தகட்டுத்துண்டுகளுக்குக் கீழே தொங்கும். பக்கத்தகட்டுக்கும் இறகுகளுக்கும் நடுவே ஹீட்சிங்கே நிற்பதால் இடைவெளி குறைந்தாலும் ரீங்காரம் அவ்வளவாக எழாது. நான்கிலும் அமைதியானது இதுதான். விலை கூடுதல், அதோடு கார்டு இரண்டு ஸ்லாட்டைத் தாண்டக் கூடாது. என்விடியாவின் 4070 ஃபவுண்டர்ஸ் எடிஷன் போன்ற இரண்டு ஸ்லாட் கார்டு கையில் இருந்தால் என் சாய்வையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு இதையே வாங்கலாம்.

இன்டெல் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. கோர் ஐ5-12400-க்கு உச்சம் 117 வாட் என்பதால் பயாஸில் நீண்டநேர வரம்பை 65-இல் நிறுத்திவிட்டால் எக்ஸ்47 தாங்கும் என்பது கணக்கு. அதற்கு மேற்பட்ட சில்லுகளுக்கு 57, 70 பக்கம் பார்ப்பது உசிதம்.

எக்ஸ்47-ஐப் பொருத்தும்போது தவறுவது பெரும்பாலும் திசையில். ஹீட்பைப்புகள் வளைந்து திரும்பும் முனை ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். சில ஐடிஎக்ஸ் போர்டுகளில் விஆர்எம் ஹீட்சிங்க் அங்கேதான் உயர்ந்து நிற்கும். பேஸ்ட் தடவுவதற்கு முன் வெறுமனே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் திருக முடியும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றி அரைச்சுற்றாக இறுக்குங்கள். இல்லையென்றால் ஒரு ஓரம் தூக்கி, ஒன்றிரண்டு கோர் மட்டும் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டும்.

பிறகு பயாஸ். பிபிஓ (ரைசனின் வேக, மின் வரம்புகளை மாற்றும் வசதி) வரம்புகளைக் கையால் போடும் இடத்தில் பிபிடியை, அதாவது சாக்கெட் வழியே போகும் உச்ச வாட்டை, 65 வாட்டாகக் குறையுங்கள் (சில பயாஸில் மில்லிவாட்டில் கேட்கும், 65000 என்று இடவேண்டும்). கர்வ் ஆப்டிமைசரை (கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 15-இல் தொடங்குங்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தப்பித்துவிட்டு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் அது அளவு மீறியதன் அடையாளம், மைனஸ் 10-க்குத் திரும்புங்கள். ரைசனின் வெப்பம் நொடிக்கு நொடி குதிக்கும் என்பதால் ஃபேன் வேகம் ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து நொடி தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் திறக்கும்போதெல்லாம் ஃபேன் ஒரு பெருமூச்சு விடும்.

இடைவெளியை அளக்க ஸ்கேல் உள்ளே போகாது. பிசியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபேனின் நடுக்குமிழ் மேல் வையுங்கள். தகட்டை மூடித் திறங்கள். அமுங்கிய உருண்டையின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. அது 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால், நடுத்தடுப்பைக் கார்டின் பக்கம் ஒரு படி தள்ள இடமிருக்கிறதா என்று மறுபக்கமும் ஒரு உருண்டை வைத்துப் பாருங்கள்.