டவுன்ஹில்லுக்கும் டிரெயிலுக்கும் ஒரே சைக்கிள் என்று விற்றார்கள்: மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மவுண்டன் பைக் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கும் தம்பி தங்கைகள் கடைக்குப் போகும் முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் (முன்னாலும் பின்னாலும் இடி தாங்க அமுங்கும் சைக்கிள்) ஒன்றைக் காட்டி, “இது ஒன்னு போதும், டவுன்ஹில்லும் ஓட்டலாம், டிரெயிலும் ஓட்டலாம்” என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள். எனக்கு அப்படி விற்ற சைக்கிளின் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில், வேறொரு மாடலின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிரேமில் விரிசல். அந்த விரிசலுக்கு மேலேயும் ஒரு ஸ்டிக்கர். விலை 6,800 வெள்ளி (ரிங்கிட்).

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். எங்கள் பக்கத்து நிலம் எப்படி என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குள் லோரி போகிற செம்மண் பாதை, அது முடிகிற இடத்தில் பழைய ரப்பர் மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் வேரும் கல்லுமாகச் செங்குத்தாக இறங்கும் ஒற்றையடித் தடம். மழை பெய்தால் மண் வழுக்கும். வெட்டிப் போட்ட மட்டை சக்கரத்தில் சிக்கும். சைக்கிளையும் ஆளையும் ஏற்றி உச்சியில் கொண்டுபோய் விட இங்கே வண்டி கிடையாது. மிதித்துத்தான் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். சில வாரம் ஈப்போ கிளேடாங் மலைக்கும் போவோம். இவ்வளவையும் கடைக்காரரிடம் நேரில் சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் எழுதினேன், தடத்தின் படங்களும் அனுப்பினேன். அவர் கொடுத்த பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது: “தம்பி, உங்களுக்கு இதுதான் சரியான சைக்கிள். பிரேம் எண்டுரோ பிரேம், ஃபோர்க் ஸெப் 180. எங்க வேணும்னாலும் இறங்கலாம்.” ஸெப் என்பது ஃபோர்க் மாடலின் பேர், 180 என்பது அது அமுங்கும் மில்லிமீட்டர்.

அவர் பேச்சு ஏன் நம்பும்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் பலர் மாட்டுகிறார்கள்.

டவுன்ஹில் சைக்கிள் என்பது இறங்குவதற்காகவே செய்தது. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் அமுங்கும். முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து நிற்கும்; அந்தச் சாய்வைச் சொல்லும் ஹெட் ஆங்கிள் 62, 63 டிகிரி. கியர் ஏழுதான் இருக்கும், எடை 16 கிலோ பக்கம் வரும், சீட் தாழ்வாகவே நிற்கும். அதை மிதித்து மேடு ஏறுவது பெரும்பாடு. டிரெயில் சைக்கிள் வேறு ரகம். 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை சஸ்பென்ஷன், 65, 66 டிகிரி ஆங்கிள், ஏறும்போது சீட்டை உயர்த்தி இறங்கும்போது தாழ்த்த டிராப்பர் போஸ்ட். இரண்டுக்கும் நடுவில் 150 முதல் 170 வரை உள்ளதை எண்டுரோ என்கிறார்கள். எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கு என் கணக்கில் சரியானது 150 பக்கம் உள்ள சைக்கிள்தான். அதோடு நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக், 200 மில்லிமீட்டர் டிஸ்க், தடித்த பக்கச் சுவர் உள்ள 2.4 அங்குல டயர் இருந்தால் போதும். இறங்கும்போது ஆளைக் காக்கிற வேலையை ஃபோர்க்கின் நீளத்தைவிட நல்ல பிரேக்கும் நல்ல டயரும்தான் செய்கின்றன.

ஆனால் கடையில் கண்ணில் படுவது ஃபோர்க்கின் பருமனும் நீளமும்தான். அதை வைத்துத்தான் விற்கிறார்கள். சாதாரண டிரெயில் பிரேமை எடுத்து, நீளமான ஃபோர்க்கை மாட்டி, ‘டவுன்ஹில் ரெடி’ என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு விற்ற பிரேம் 140 மில்லிமீட்டர் டிரெயில் பிரேம். தயாரித்த கம்பெனியின் கையேட்டில் அதற்கு அதிகபட்சம் 150 ஃபோர்க் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் மாட்டியது 180. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீண்டால் ஹெட் ஆங்கிள் சுமார் ஒரு டிகிரி சாயும். மிதிக்கிற இடம் உயரும், சீட்டும் பின்பக்கம் சாயும். மேடு ஏறும்போது உடம்பின் எடை பின்னால் போய், முன்சக்கரம் தரையில் பிடிக்காமல் அலையும். தோட்டத்து மேட்டில் எனக்கு அதுதான் நடந்தது. இது சிரமம் மட்டும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோர்க் நீள நீள, கல்லில் இடிக்கும் ஒவ்வொரு இடியும் அதிக நெம்புவிசையோடு ஹெட் டியூபுக்கு, அதாவது ஃபோர்க் செருகியிருக்கும் பிரேமின் முன்குழாய்க்குப் போகும். ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங் அந்தச் சுமைக்காகச் செய்ததே கிடையாது. இறங்குகிற வேகத்தில் அந்த இடம் விட்டுப்போனால் முன்சக்கரம் தனியாகக் கழன்று போகும், ஓட்டுகிறவர் முகம் குப்புறத் தரையில் விழுவார்.

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தது. ஃபோர்க் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட் தளர்ந்திருக்கும் என்றார் கடைக்காரர், இறுக்கியும் கொடுத்தார். சத்தம் நிற்கவில்லை. வேறொரு கடையில் மெக்கானிக்காக இருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் ஃபோர்க்கைக் கழற்றி, துடைத்து, கீழ்க்குழாயின் அடியில் ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரில் நகத்தை வைத்துப் பார்த்தார். அடியில் ஒரு கோடு தட்டுப்பட்டது. உரித்ததும் வெல்டிங் ஓரமாக விரிசல் தெரிந்தது. விரிசலுக்குள் பெயின்ட் இறங்கியிருந்தது. அதாவது, விரிசல் விட்ட பிறகுதான் யாரோ பெயின்ட் தடவி, அதற்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஃபோர்க்கை அளந்தார். ராக்‌ஷாக்ஸ் ஸெப் ஃபோர்க்கின் வழுக்குக் கால் 38 மில்லிமீட்டர் பருமன். பருமன் அளக்கும் கருவியான காலிப்பர் காட்டியது 35. சீரியல் எண்ணை அதன் தாய்க் கம்பெனியான ஸ்ராமின் டிரெயில்ஹெட் இணையப் பக்கத்தில் போட்டோம். யாரி என்று வந்தது, அதே கம்பெனியின் வேறொரு மாடல். ஸெப் சந்தைக்கு வந்ததே 2020-இல்தான். இந்தச் சீரியல் எண்ணுக்குக் காட்டிய ஆண்டு அதற்கும் முந்தியது. யாரியைக் குறை சொல்லவில்லை, தன் இடத்தில் அது நல்ல ஃபோர்க்தான். ஸெப் விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தது ஏமாற்று.

அக்கா மகனும் இந்தச் சைக்கிளில் இறங்கியிருக்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை. கேட்டான், கொடுத்தேன். அந்தத் தடத்தின் அடியில் வடிகால் ஓரமாகக் கல் கிடக்கும். விரிசலைப் பார்த்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பணம் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுக்க முடியவில்லை.

கடைக்குப் போய்க் காட்டினேன். “நீங்க குதிச்சு உடைச்சிட்டு வந்து கேக்கறீங்க” என்றார். சுவரில் மாட்டியிருந்த ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’ அறிவிப்பைக் காட்டினார். ஆனால் விற்பதற்கு முன் அவரே போட்ட விளம்பரப் படத்தில் அதே ஸ்டிக்கர் அதே இடத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். நீங்களும் வாங்குவதற்கு முன்பே விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்ததும் முதலில் காணாமல் போவது அதுதான்.

பழைய சைக்கிள் வாங்கப் போகும்போது ஒரு காலிப்பரும் டார்ச்சும் கையில் இருக்கட்டும். ஹெட் டியூப் அடி, கீழ்க்குழாயின் இரண்டு முனை, பின் சஸ்பென்ஷன் மடங்கும் மூட்டான பிவட் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். பொருத்தமில்லாத இடத்தில் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் என்றால் இரண்டு காலும் மேலே சேரும் கிரவுன் பக்கம் சீரியல் எண் இருக்கும். ஃபாக்ஸ் ஃபோர்க் என்றால் கீழ்க்காலின் பின்புறம் நான்கெழுத்துக் குறியீடு இருக்கும். கடையில் நின்றபடியே கைப்பேசியில் சரிபார்க்கலாம். எண்ணைச் சுரண்டியிருந்தால் அந்தச் சைக்கிளே வேண்டாம்.

பிரேம் எந்த வகை என்பதையும் கேளுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் முறையில் பல கம்பெனிகள் சைக்கிளை 1 முதல் 5 வரை வகை பிரித்து, பிரேமிலோ கையேட்டிலோ போடுகின்றன. வகை 3 என்றால் 61 சென்டிமீட்டருக்குள் குதிப்பதற்கு, வகை 4 என்றால் 122 சென்டிமீட்டர் வரை, அதற்கும் மேலே குதிப்பதற்கு வகை 5. விற்கிறவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பிரேமின் பேரையும் ஆண்டையும் போட்டுக் கம்பெனிக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். அதிகபட்ச ஃபோர்க் நீளமும் அதிலேயே இருக்கும்.

ரசீதில் ‘மவுண்டன் பைக் 1’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். பிரேம் பேர், ஆண்டு, சீரியல் எண், ஃபோர்க் மாடல், எதற்காக வாங்குகிறீர்கள் என்பது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, கடைக்காரர் விற்கும் பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும். எந்தத் தேவைக்கு என்று நீங்கள் சொல்லி வாங்கினீர்களோ அதற்குப் பொருந்தவும் வேண்டும். சுவரில் அறிவிப்பு மாட்டி இந்த உரிமையைத் தள்ளிவிட முடியாது. ஒன்று கவனியுங்கள்: இது வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய சைக்கிளை விற்றால் இந்த வழி கிடையாது.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதியக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, இணையத்திலேயே பதியலாம். பொய்யான பொருள் விவரத்துக்கு வர்த்தக விவரணைச் சட்டம் 2011 தனியாக இருக்கிறது. அதற்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும்.

நான் இரண்டையும் செய்துவிட்டேன். காலிப்பர் வைத்து அளந்த படம், டிரெயில்ஹெட் பக்கத்தின் படம், விரிசல் படம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எல்லாம் கோப்பில் இருக்கின்றன. சைக்கிளைக் கழற்றிய நிலையிலேயே வைத்திருக்கிறேன். சாட்சி என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். கீழ்க்குழாயின் அடியில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை நீங்களும் எங்காவது வாங்கியிருந்தால், இந்த வாரம் இறங்கப் போவதற்கு முன் அதை உரித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நடுவர் மன்றத்துக்கான விண்ணப்பப் பாரத்தை எப்படி நிரப்புவது என்று நான் சொல்லித் தருகிறேன்.