“மறையாக்கம் உண்டு” என்று விற்கப்பட்ட சாதாரண சர்வர்: டெல்டா மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் நடத்துவோருக்கும் ஓர் எச்சரிக்கை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நோயாளர் பதிவுகளையோ வாடிக்கையாளர் கணக்குகளையோ வாடகைச் சர்வரில் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்ட மெய்நிகர் கணினி (ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் பிரித்துத் தரப்படும் தனிக் கணினி) என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பாதுகாப்பு துளியும் இல்லாத சாதாரண மெய்நிகர் கணினியை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வாசகத்தைச் சொல்லி விற்கும் வேறு சிலரையும் அதன்பிறகு பார்த்துவிட்டதால், ஏமாற்று எந்த இடத்தில் நடக்கிறது என்பதையே விளக்க விரும்புகிறேன்.

கும்பகோணத்திலிருந்து நாங்கள் நடத்தும் மென்பொருளில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வரையுள்ள சிறு மருத்துவமனைகளின் பதிவுகளும் ஆய்வக முடிவுகளும் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதால், மாடியறையில் சர்வர் வைத்திருப்பது இனிச் சரிவராது என்று டாக்டர்களே முடிவெடுத்து, எல்லாவற்றையும் வாடகைச் சர்வருக்கு மாற்றினார்கள். பின்னர் 2023இல் வந்த எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வேறொருவரிடம் கொடுத்துக் கையாளச் செய்தாலும் பொறுப்பு சேகரித்தவரையே சேரும் என்று சொல்லிவிட்டது. ஆகவே, சர்வர் வைத்திருப்பவரே எட்டிப்பார்க்க முடியாத ஏற்பாடு வேண்டும் என்று கேட்டோம்.

எங்கள் பழைய சர்வர் உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், அதன் மையநிரலான கெர்னலின் 4.4 பதிப்பில் ஓடியது. இதை எழுத்திலேயே தெரிவித்திருந்தோம். “சார், ஒரு வரிகூட மாத்த வேண்டாம், டிஸ்க் இமேஜை அப்படியே அனுப்புங்க, என்கிரிப்டட் மெஷின்ல ஏத்திக் கொடுத்துடறோம்” என்றார் விற்பனையாளர். டிஸ்க் இமேஜ் என்பது வட்டின் முழு நகல். 32 ஜிபி நினைவகத்துக்கான பில்லில் “மெமரி என்கிரிப்ஷன்” என்று தனி வரியும் போட்டிருந்தார்கள்.

அந்த “அப்படியே” என்ற சொல்லைத்தான் நம்பக்கூடாது. சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் எஸ்இவி என்ற நினைவக மறையாக்கத் தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனிச் சாவி உண்டு. அது சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புச் செயலியிடமே இருப்பதால் ஹோஸ்டால் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் பெரிய சர்வரால்) அதைப் படிக்க முடியாது. ஆனால், நினைவகத்தின் எந்தப் பக்கம் (சிறு துண்டு) தனக்கு மட்டும் உரியது, எந்தப் பக்கம் ஹோஸ்டோடு பகிர வேண்டியது என்பதை உள்ளே ஓடும் கெர்னல்தான் பக்க அட்டவணையில் ஒரு பிட் மூலம் குறிக்க வேண்டும். வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் போகும் தரவைப் பகிர்வுப் பகுதிக்கு நகலெடுத்து அனுப்புவதும் அதன் வேலை. அதற்காக மொத்த நினைவகத்தில் 6 விழுக்காட்டை, அதிகபட்சம் 1 ஜிபி வரை, லினக்ஸ் ஒதுக்கி வைக்கிறது. இவற்றையெல்லாம் செய்யும் திறன் லினக்ஸுக்கு 2018 ஜனவரியில் வெளியான 4.15இல்தான் வந்தது. மெய்நிகர் கணினிகளை ஓட்ட லினக்ஸில் உள்ள கேவிஎம் என்ற வசதியில் இந்தக் கணினிகள் பழைய பயாஸ் முறையில் தொடங்குவதில்லை, யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க மென்பொருள் (ஃபர்ம்வேர்) வேண்டும். ஆகவே கேவிஎம் ஹோஸ்டில் 4.4 கெர்னல் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடுகிறது என்றால், மறையாக்கத்தை விட்டுவிட்டே ஓட்டுகிறார்கள் என்று பொருள்.

இதில் விற்பவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மறையாக்கத்தின் விளைவு பக்கத்தின் பௌதிக முகவரியையும் சார்ந்திருப்பதால், எஸ்இவி கணினியின் பக்கங்களை ஹோஸ்ட் தன் விருப்பப்படி இடம் மாற்றவோ ஸ்வாப்புக்கு (வட்டிலுள்ள தற்காலிக இடத்துக்கு) அனுப்பவோ முடியாது. 32 ஜிபி கொடுத்தால் 32 ஜிபியையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஒரே உள்ளடக்கமுள்ள பக்கங்களை ஒன்றாக்கி மிச்சம் பிடிப்பதும் நடக்காது. இருப்பதைவிட அதிக நினைவகத்தை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இது நேரடி நட்டம்.

எங்களுக்குச் சந்தேகம் வந்தது அவர்களுடைய அறிவிப்பு ஒன்றால்தான். பராமரிப்புக்காக எங்கள் கணினியை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு ஹோஸ்டுக்கு மாற்றிவிட்டதாகவும், நொடிகூடத் தடங்கல் இல்லை என்றும் பெருமையாக எழுதியிருந்தார்கள். பொதுவில் கிடைக்கும் கேவிஎம்மில் எஸ்இவி கணினியை அப்படி மாற்றும் வசதி இல்லை. கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் தாமே அதை உருவாக்கிக்கொண்டது உண்மை என்பதால், இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாமல் உள்ளே நுழைந்து பார்த்தோம். கணினி யூஇஎஃப்ஐயில் தொடங்கியிருந்தால் சிஸ் கோப்புறையின் ஃபர்ம்வேர் பகுதியில் இஎஃப்ஐ என்ற உட்கோப்புறை இருக்க வேண்டும், அது இல்லை. டிஎம்ஐடிகோடு கட்டளை, பயாஸ் பெயராக “சீபயாஸ்” என்று காட்டியது, அது பழைய பயாஸ் முறை. மாலை ஓபி நேரத்தில், மருத்துவமனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பதிவு போடும்போது, நினைவக அளவைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் “மொத்தம்” என்ற எண்ணே பத்து ஜிபிக்கு மேல் குறைந்திருந்தது. ஹோஸ்ட் பலூன் டிரைவர் வழியாக எங்கள் நினைவகத்தைத் திரும்ப வாங்கி வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தது. எஸ்இவி கணினி என்றால், கேவிஎம்மோடு சேர்ந்து மெய்நிகர் கணினியை இயக்கும் க்யூஎமு மென்பொருள் அந்த வழியையே அடைத்துவிடும்.

இந்த விவரங்களை அனுப்பியபோது வந்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. “எங்கள் எல்லா சர்வர்களிலும் மெமரி என்கிரிப்ஷன் ஆன் செய்யப்பட்டிருக்கிறது” என்று பயாஸ் திரையின் படத்தோடு எழுதினார்கள். படம் பொய்யில்லை. அவர்கள் காட்டியது டிஎஸ்எம்இ என்ற வசதி. முழு சர்வருக்கும் ஒரே சாவி, எந்தப் பழைய இயங்குதளமும் மாற்றமின்றி ஓடும், மெமரி சில்லைக் கழற்றிக்கொண்டு போகும் திருடனுக்கு எதிராக நல்ல காப்பு. ஆனால் ஹோஸ்டை நடத்துபவருக்கு எல்லாமே வெளிப்படையாகத் தெரியும். கல்யாண மண்டபத்தின் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, மண்டபக்காரரை மட்டும் நகை வைத்த அறையருகில் விட்டுவைப்பது போன்றது இது. நாங்கள் கேட்டது அந்த மண்டபக்காரரிடமிருந்து பாதுகாப்பு.

பழையதைக் கைவிடாமல் புதியதைச் சேர்ப்பது தவறில்லை. அதை நேர்மையாகச் செய்யும் வழியும் உண்டு. 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8இல், ஹோஸ்டின் நிரல்களுக்குக்கூடத் தென்படாத தனி நினைவகத்துக்கு வழி செய்தபோது, கேவிஎம் உருவாக்குநர்கள் பழைய அழைப்பை (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழியை) தொடாமல் பக்கத்தில் புதிய அழைப்பைச் சேர்த்தார்கள். பழைய கணினி பழையபடி ஓடும், புதியது புதிய பெயரோடு ஓடும். எஸ்இவி வேண்டும் என்று கேட்டு வன்பொருளில் அது இல்லையென்றால், க்யூஎமு பிழை காட்டி நின்றுவிடுமே தவிர, சத்தமில்லாமல் சாதாரணக் கணினியாகத் தொடங்காது. ஆகவே எங்களுக்கு நடந்தது தானாக நேர்ந்த கோளாறு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது வேறோர் இடத்தில், எஸ்இவியின் மேம்பட்ட வடிவமான எஸ்இவி-எஸ்என்பி உள்ள, ஏஎம்டியின் மூன்றாம் தலைமுறை எபிக் சிப் கொண்ட சர்வரில், உபுண்டு 24.04இன் 6.8 கெர்னலில் இருக்கிறோம். பழைய நிரலைத் திருத்தவே இல்லை. அது எதிர்பார்க்கும் பழைய நூலகங்களோடு ஒரு கண்டெய்னருக்குள் (தனித்து ஓடும் பொதிக்குள்) வைத்துவிட்டோம். லினக்ஸ் கெர்னல் பழைய நிரல்களுக்கான அழைப்புகளை மாற்றாமல் காத்துவருவதால் அது நன்றாக ஓடுகிறது. 6.5க்கு முந்தைய கெர்னலை எஸ்என்பியில் ஏற்றுபவர்கள் மட்டும், நினைவகம் முழுதும் தெரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள்; ஃபர்ம்வேர் பொருந்தாவிட்டால் ஒரு பகுதி மட்டும் காட்டும்.

பணம் கொடுப்பதற்குமுன் கணினிக்குள்ளிருந்தே சான்றறிக்கையை (சிப்பே கையொப்பமிட்டுத் தரும் அறிக்கையை) கேளுங்கள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவில் மறையாக்க வசதிகளின் வரிசையில் எஸ்இவி-எஸ்என்பி என்று இருக்க வேண்டும். அதன்பின், நீங்களே அப்போது தேர்ந்தெடுத்த ஒரு எண்ணை உள்ளே கொடுத்து அறிக்கை எடுங்கள். அந்த எண் அதில் இருக்கிறதா, சிப்பின் கையொப்பம் ஏஎம்டியின் மூலச் சான்றிதழ் வரை சரியாகச் சேர்கிறதா, ஹோஸ்ட் உள்ளே எட்டிப்பார்க்க வழிவிடும் டீபக் (பிழைதேடல்) அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் அனுப்பும் கணினித் திரையின் படமும் பேனலில் தெரியும் பச்சைப் பூட்டும் இதற்கு ஈடாகாது.

வாங்கிய கூடுதல் தொகையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த பில்லே வேண்டாம், பணத்தையும், எங்கள் இமேஜின் எல்லா நகல்களையும் அழித்ததற்கான எழுத்துப்பூர்வ உறுதியையும் தரும்படி கேட்டிருக்கிறோம். இரண்டும் இன்னும் வரவில்லை. சம்பந்தப்பட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றுக்கும் நடந்ததைக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டோம்.