ஏற்காட்டில் ஓவேர்ஞ் சமையல்

ஏற்காட்டில் பிரெஞ்சுச் சாப்பாடு என்று எழுதிவைத்திருக்கும் இடங்களில் பெரும்பாலும் வெள்ளை சாஸ் ஊற்றிய பாஸ்தாதான் தட்டில் வரும். பாஸ்தா இத்தாலியினுடையது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆகவே, காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய விடுதி, பிரான்சின் நடுப்பகுதி மலைநாடான ஓவேர்ஞின் கிராமச் சமையலை வார இறுதிகளில் பரிமாறுவதாக அறிந்ததும் போய்ச் சாப்பிட்டோம்.

ஓவேர்ஞின் அடையாளமான புய் தெ தோம் மலை 1,465 மீட்டர். உயரத்தில் நம் சேர்வராயனுக்கு ஏறத்தாழ இணை. ஒற்றுமை அத்தோடு சரி. நம்முடையது மிகப் பழமையான கெட்டிப் பாறை. அவர்களுடையது அணைந்துபோன எரிமலை. அதைச் சுற்றி ஏறக்குறைய 80 எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன; யுனெஸ்கோ 2018இல் அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குளிர் கடுமையான அந்த நாட்டில் வயிற்றை நிரப்பியவை உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பன்றியிறைச்சி, சீஸ், பருப்பு ஆகியவையே. பிழைப்புத் தேடிப் பாரீசுக்குப் போன ஓவேர்ஞ்காரர்கள் விறகும் கரியும் விற்று, பின்னர் அங்கே காப்பிக் கடைகளை நடத்தினார்கள்.

உண்டவற்றில் முதலிடம், ஓவேர்ஞின் லெ புய் ஊர்ப் பக்கம் விளையும் பருப்புக்கு. 1996இலேயே பிரான்சில் (நம் புவிசார் குறியீடு போன்ற) பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற இந்தப் பச்சைப் பருப்பு, பார்வைக்கு நம் முழு மைசூர்ப் பருப்பைவிடச் சற்றுச் சிறியது. வெந்தாலும் தோல் வெடிக்காது, குழையாது. பொடியாக நறுக்கிய கேரட், சின்ன வெங்காயம், கடுகு விழுது, சிறிது வினிகர் ஆகியவற்றோடு இளஞ்சூட்டில் பரிமாறினார்கள். ஒவ்வொரு மணியும் தனித்து நின்று, கடித்தால் மாவாக உடைந்தது. இதற்காக மட்டுமே மறுபடி மலையேறலாம்.

அலிகோ ஏமாற்றம். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பூண்டு, முதிராத இளஞ்சீஸ் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நாடாவாக நீளும் வரை கிண்ட வேண்டிய பண்டம் அது. இங்கே பீட்சா சீசைப் போட்டதால் ரப்பராக இழுத்து, ஆறியதும் கட்டியாகிவிட்டது. பொத்தே என்னும் முட்டைக்கோசுக் குழம்பில் பன்றிக்குப் பதில் கோழி. சுவை குறையில்லை, ஆனால் அதைப் பொத்தே என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இருவருக்கு 2,000 ரூபாயைத் தாண்டியது. இரவு உணவு மேசைக்கு வரத் தாமதமாகிறது. அன்றே சேலத்துக்கு இறங்குபவர்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தையும் கணக்கில் கொண்டு மதியத்துக்கே முன்பதிவு செய்வது நல்லது.