மௌனமா, பெயர் வாசிப்பா?

பெரிய விபத்தோ குண்டுவெடிப்போ நடந்தால் பக்தர்கள் பிரார்த்தனைக்குப் போவார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் துக்கம் அதேதான். போக இடம்தான் இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்காக வருந்த அவருக்கு இரண்டு வழிகள் பழக்கத்தில் உண்டு.

ஒன்று, மௌன அஞ்சலி. முதல் உலகப் போரின் சண்டை ஓய்ந்து ஓராண்டு ஆனபோது, 1919 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு, மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டபடி பிரிட்டனில் 2 நிமிடம் எல்லாரும் அப்படியே நின்றார்கள். இதற்குத் தயாரிப்பே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் மனதுக்குள் ஜெபிக்கலாம், நீங்கள் சும்மா நிற்கலாம். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சீக்கிரமே சடங்காகிவிடும். தலை குனிந்திருக்கும், நினைப்பு அடுத்த வேலைக்குப் போயிருக்கும்.

பெயர் வாசிப்பு அவ்வளவு எளிதில் விடாது. நியூயார்க்கில் ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் 2001 தாக்குதலிலும், 1993-இல் அங்குள்ள உலக வர்த்தக மையத்தில் நடந்த குண்டுவெடிப்பிலும் இறந்த 2,983 பேரின் பெயர்களை உறவினர்கள் மாறி மாறி வாசிக்கிறார்கள். மணிக்கணக்கில் நீளும். தன் முறை முடியும்போது பலர் தங்கள் வீட்டு ஆளின் பெயரைச் சொல்வார்கள். அதுவரை நிதானமாக வாசித்த குரல் அங்கே உடையும். இவ்வளவு பேர் என்ற கணக்கு அப்போதுதான் மனதில் உறைக்கிறது.

சிக்கலும் இதில்தான் அதிகம். பட்டியல் சரியாக இருக்க வேண்டும், குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். மறுநாளே அவசரமாக வாசித்தால் உயிரோடு இருப்பவர் பெயரும் வந்துவிடலாம்.

அதனால் அன்றே கூடுவதென்றால் மௌனம் போதும். ஆண்டு நினைவு நாளுக்கு என் ஓட்டு பெயர்களுக்கே. கூட்டம் பிடிக்காதவர்கள், வெளியான பெயர்களை வீட்டிலேயே ஒரு தாளில் கையால் எழுதலாம், மெதுவாக.