கரையை உயர்த்துவதா, கலுங்கைச் சரிசெய்வதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐப்பசிக்கு முன்னால் கண்மாய் வேலைக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அதைக் கரைக்குப் போடுவதா, நிரம்பி மிஞ்சும் நீரை வெளியேற்றும் கல்கட்டான கலுங்குக்குப் போடுவதா என்ற பேச்சு வந்துவிடும்.

கரைக்கு மண் அடித்தால் கண்ணுக்குத் தெரியும், ஊரே பார்க்கும். ஆனால் பழைய கரையின் புல்லையும் வேரையும் செதுக்காமல், ஈரம் பார்த்து அரையடி அரையடியாகக் கெட்டிக்காமல் கொட்டிய மண் பழையதோடு ஒட்டாது. பெருமழையில் வழுக்கி இறங்கிவிடும். கரையடியிலேயே தோண்டி மண் எடுப்பவர்களும் உண்டு. அதற்குச் சும்மா இருக்கலாம்.

கலுங்கு வேலை கண்ணில் படாது. மிஞ்சிய தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அது அடைபட்டு, தண்ணீர் மண்கரை மேல் ஏறி வழிந்தால் வெளிச்சரிவு அரித்துச் சில மணி நேரத்தில் உடைப்பெடுக்கும். அந்த வெள்ளம் கீழே உள்ள அடுத்த கண்மாயில் போய் மோதும். கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டுக் கலுங்கில் மணல்மூட்டை அடுக்குகிறார்களே, அது கரைக்கு நாமே வைக்கும் உலை.

என் ஓட்டு கலுங்குக்குத்தான். கல்லை ஒட்டி முளைத்த கருவேலத்தை வேரோடு எடுத்து, வெளிவாய்க்காலைத் தூர்வார வேண்டும். கரை தாழ்ந்துபோன இடத்தை மட்டும் மட்டம் பார்த்து உயர்த்தினால் போதும்.

அப்புறம், மடையோரக் கசிவை ஒரு தம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, அளவு கூடாமல் வந்தால் கவனித்துவந்தால் சரி. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிகிறது. நண்டுவளையோ மக்கிய வேரோ பாதை போட்டிருக்கும். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும், மேலென்றால் நீர்வளத்துறைக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.