குதிரை பொறித்த பதக்கங்கள்: கும்பகோணத்தில் ஒரு பழம்பொருள் கடை

மகாமகக் குளத்துக்கு அருகிலுள்ள சிறிய பழம்பொருள் கடை ஒன்றில், முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைச் சென்ற மாதம் வாங்கினேன். வில்லியம் மக்மில்லன் வடிவமைத்த இந்த 36 மில்லிமீட்டர் வெள்ளிப் பதக்கத்தின் பின்புறத்தில், 1914, 1918 என்ற ஆண்டுகளுக்கு நடுவே, ஆடையற்ற வீரனைச் சுமந்த குதிரை கழுகு பொறித்த கேடயத்தை மிதித்து நிற்கிறது. தாராசுரம் கோயிலில் தேர் இழுக்கும் கல் குதிரையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதன் கழுத்தின் நிமிர்விலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாமே எடுத்துக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் படிக்கவிட்டார். இந்தியத் தொழிலாளர் படையினருக்கு இதே பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டதையும் அவர் விளக்கினார்.

பெரிய குறை ஒன்று உண்டு. பளபளப்புக்காகப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் குதிரையின் பிடரி மயிர் மழுங்கிவிட்டது; வெள்ளியில் படியும் கருமையைச் சேகரிப்போர் விரும்பிக் காப்பதால், இது மதிப்பையே குறைக்கிறது. எடுத்துச் சொன்னதும் விலையைக் குறைத்துக்கொண்டார். வாங்கச் செல்பவர்கள் தேய்க்காத பதக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.