பேசும் ஹீரோ, பேசாத ஹீரோ: இரண்டாம் ஆட்டத்தில்தான் தெரியும்

ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்களில் நம் கேரக்டருக்கு நடிகரின் குரல் வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் ஐந்து மணி நேரத்தில் முடிவு செய்யக் கூடாது. அப்போது குரல் உள்ள கேம்தான் உசத்தியாகத் தெரியும். அறுபது, எழுபது மணி நேரம் ஓடி, அதே கேமை வேறொரு கேரக்டரோடு மறுபடி தொடங்கும்போதுதான் உண்மை வெளியே வரும்.

இதற்கு ஃபால்அவுட் என்ற கேம் வரிசையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸில் ஹீரோ வாயே திறப்பதில்லை, அவர் சொல்வதைத் திரையில் எழுத்தாக வரும் பதில்களிலிருந்து நாம் தேர்ந்தெடுக்கிறோம். 2015-இல் வந்த ஃபால்அவுட் 4-க்கு ப்ரையன் டெலானியும் கோர்ட்னி டெய்லரும் ஆளுக்குச் சுமார் 13,000 வரிகள் பேசியிருக்கிறார்கள். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறைநிலைப் பெட்டிக்குள் அடைபட்டு, கண்ணெதிரே துணை சுடப்பட்டு, குழந்தை பறிபோவதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவரின் பதைப்பு அந்தக் குரல்களில் அப்படியே இருக்கிறது.

சிக்கலும் அந்தப் பதைப்பில்தான் இருக்கிறது. குழந்தையைத் தேடப் புறப்பட்ட நாம் வழியில் மேசை மின்விசிறிகளைப் பொறுக்கி, திருகாணி பிரித்தெடுத்து, குடியிருப்புகளுக்குத் தண்ணீர் பம்ப் போட்டு நாற்பது மணி நேரம் கழிக்கிறோம். பிறகு கதைக்குத் திரும்பி யாரிடமாவது மகனைப் பற்றிக் கேட்டால், குரல் நேற்றுதான் பறிகொடுத்ததுபோல நடுங்குகிறது. எழுத்தில் மட்டும் இருந்தால் அதே வரியைச் சோர்வாகவும் வாசித்துக்கொள்ளலாம், மரத்துப்போனவராகவும் வாசித்துக்கொள்ளலாம். பதிவான குரலில் அந்த இடம் கிடையாது. இரண்டாம் ஆட்டத்தில் ஈவிரக்கமில்லாத கொள்ளைக்காரியாக ஆட நினைத்தாலும், வாயைத் திறந்தால் வருவது அதே பாசமுள்ள அம்மாதான்.

அடுத்தது, ஃபால்அவுட் 4-இல் பதிலைத் தேரும் பட்டன்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் பெரும்பாலும் ஏ சம்மதம், பி மறுப்பு, எக்ஸ் கிண்டல், ஒய் கேள்வி. இரண்டு பதிலே போதுமான இடத்திலும் நான்கு, ஆறு தேவைப்படும் இடத்திலும் நான்கு. ஒவ்வொரு பதிலையும் இருவரை வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் பதில்களைத் தாராளமாக எழுத முடியாது. திரையில் வருவதோ ஓரிரு சொற்கள். ‘கிண்டல்’ என்று அழுத்தினால் இலேசான நக்கலா, எதிராளியின் முகத்தில் அறைவதுபோன்ற பேச்சா என்பது காதில் விழுந்த பிறகுதான் தெரியும். ‘மறுப்பு’ பல இடங்களில் ‘இப்போது வேண்டாம்’ என்று மட்டுமே ஆகிறது, வேலை அப்படியே காத்திருக்கிறது.

நியூ வேகஸில் குட்ஸ்பிரிங்ஸ் ஊர்க் கிழவர் ஈஸி பீட்டிடம் டைனமைட் கேட்கும் இடத்தைப் பாருங்கள். வெடிபொருள் திறன் 25 வேண்டும். குறைவாக இருந்தாலும் அந்தப் பதில் பட்டியலில் இருக்கும், பக்கத்தில் நம் எண்ணும் தேவையான எண்ணும் தெரியும். ஆனால் வரி மாறியிருக்கும். வெடிமருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் பேசுவதுபோல அசட்டுத்தனமாக எழுதியிருப்பார்கள். அதைத் தெரிந்தே அழுத்தித் தோற்பதும் சுகம்தான். எழுத்தாளருக்கு இது கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான். குரலோடு செய்தால் ஸ்டூடியோ செலவு. ஹீரோ ஊமையாக இருப்பதால் கிடைக்கும் லாபம் இதுதான்: திறன், இனம், புத்திக்கூர்மை என எதற்கு வேண்டுமானாலும் தனி வரி எழுதலாம்.

ஃபால்அவுட் 76-க்கு 2020-இல் வந்த வேஸ்ட்லேண்டர்ஸ் அப்டேட்டிலும், 2023-இன் ஸ்டார்ஃபீல்டிலும், ஃபால்அவுட் 4-ஐச் செய்த பெதஸ்டா நிறுவனம் மறுபடி பேசாத ஹீரோவுக்கே திரும்பிவிட்டது. சரியான முடிவு.

ஃபால்அவுட் 4-ஐ இப்போது பிசியில் ஆடுகிறவர்கள் ‘ஃபுல் டயலாக் இன்டர்ஃபேஸ்’ அல்லது ‘எக்ஸ்டிஐ’ மோடை (ரசிகர்கள் செய்து பகிரும் மாற்றத்தை) போட்டுக்கொள்ளுங்கள். முன்னது சுருக்கச் சொல்லுக்குப் பதிலாக முழு வரியையும் காட்டும். பின்னது அதோடு நான்குக்கு மேற்பட்ட பதில்களையும் அனுமதிக்கும், ஆனால் அதற்கு எஃப்4எஸ்இ என்ற துணை மென்பொருள் வேண்டும். ஸ்டீம் கேமை அப்டேட் செய்துவிட்டால் பழைய எஃப்4எஸ்இ வேலை செய்யாது, பொருந்தும் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மோடையும் ஒன்றாகப் போடாதீர்கள். புதிய கதை சேர்க்கும் மோடுகளில் ஹீரோவின் வரி கண்சிமிட்டும் நேரத்தில் ஓடி மறைந்தால், அந்த வரிக்கு ஆடியோ கோப்பு இல்லை என்று பொருள். கவனமாகச் செய்கிறவர்கள் வரியின் நீளத்துக்கு ஏற்ப மௌன ஆடியோ வைத்திருப்பார்கள்.

இதனால் பேசும் ஹீரோவே தப்பு என்று ஆகாது. மாஸ் எஃபெக்ட் கேமில் ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்த ஹீரோ ஷெப்பர்டை ஊமையாக நினைத்துப் பார்க்கவே முடியாது. ஷெப்பர்ட் நாம் செய்த ஆள் இல்லை, எழுத்தாளர்கள் செய்த ஒரு ராணுவ அதிகாரி. அவரை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது மட்டும் நம் கையில். 2011-இன் டிராகன் ஏஜ் 2 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பதிலுக்கும் தொனியைக் காட்டும் சின்னம் உண்டு: கோபத்துக்கு இறுக்கிய முட்டி, கிண்டலுக்குச் சிரிக்கும் முகமூடி. எந்தத் தொனியை அதிகம் தேர்கிறோமோ அதை கேம் கணக்கு வைத்துக்கொண்டு, நம்மைக் கேட்காமல் ஹீரோ ஹாக் தானாகப் பேசும் வரிகளையும் அதே தொனியில் தரும். குரல் வைத்தும் நம் ஆட்டத்துக்கு இடம்கொடுத்த வழி இது. இதைப் பலரும் தொடராமல் விட்டது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

பால்டர்ஸ் கேட் 3 நடுவழி: அலையும்போதும் சண்டையிலும் எட்டுக் குரல்களில் நாம் தேர்ந்த ஒன்று, உரையாடலில் மௌனம். சுற்றி எல்லாரும் உயிரைக் கொடுத்துப் பேச, கேமரா நம் முகத்துக்கு வரும்போது புருவம் மட்டும் ஏறி இறங்குவது முதல் வாரம் உறுத்தும், பிறகு பழகிவிடும். துணையாக வரும் அஸ்டாரியனையே நம் கேரக்டராக எடுத்தால் அவரும் உரையாடல்களில் பேசமாட்டார். அந்தக் குரலுக்காகவே அவரைப் பிடித்தவர்கள் கூட்டத்தில் ஒருவராக வைத்துக்கொள்வது மேல். நம் குரல் சலித்தால் முகாமில் உள்ள மாயக்கண்ணாடியில் மாற்றிக்கொள்ளலாம்.

சைபர்பங்க் 2077-இல் அந்த வசதி இல்லை. வீட்டுக் கண்ணாடியில் முகத்தையும் முடியையும் மாற்றலாம், குரலையும் உடலையும் மாற்ற முடியாது. கதையில் வருகிறவர்களில் ஜூடியோடு காதல் அமைய நம் கேரக்டருக்குப் பெண் உடலும் பெண் குரலும் வேண்டும், கெர்ரிக்கு ஆண் உடலும் ஆண் குரலும். பனாமும் ரிவரும் உடலை மட்டுமே பார்க்கிறார்கள், குரலை அல்ல. கேரக்டர் உருவாக்கும் திரையில் குரல் தொனியைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.